எட்டாத பிரேக்கும் எழுபது வளைவும்

சேலம், நாமக்கல் பக்கத்து ஆசாமிகளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும், நிறுத்தத் தெரியாது. இது அடியேனின் சொந்தக் கண்டுபிடிப்பு. சண்டைக்கு வருபவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வரவும்.

காரணம் நாங்கள் இல்லை, பூமி. எங்கள் ஊர்ப் பூமி தோசைக்கல் மாதிரி. சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. திருச்செங்கோட்டில் ஒரு மலை. நாமக்கல் நடுவில் ஒற்றைப் பாறை, அதன் மேல் ஒரு கோட்டை. எல்லாம் மேஜை மேல் வைத்த பேப்பர் வெயிட் போல ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும். நடுவில் இருக்கிற இடமெல்லாம் சமவெளி. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் செருப்பு இருக்கிறது!

நான் பழகியது மணிக்கணக்கு வாடகை சைக்கிளில். அதில் பிரேக் என்பது ஹேண்டில் பாருக்கு ஒரு அலங்காரம். அப்பாவின் கறுப்பு சைக்கிளில் ராடு பிரேக். பிடியை அழுத்தினால் கம்பி மேலே போகும். கம்பி நுனியில் இருக்கிற ரப்பர் கட்டைகள் ரிம்மை உள்பக்கமாகப் போய்த் தொடும். தொடும் என்றுதான் சொன்னேன், பிடிக்கும் என்று சொல்லவில்லை. மழை பெய்தால் தொடுவதும் கிடையாது. 2006-ல் பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளிலும் நான் அதிகம் உபயோகித்தது பெல்லைத்தான்.

இப்படிப்பட்ட ஒருவன் கொல்லிமலையிலிருந்து சைக்கிளில் இறங்கக் கிளம்பினால் என்ன ஆகும்? அதுதான் கதை.

* * *

பொங்கல் லீவுக்கு சேலத்திலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். ஏழாம் வகுப்பு. 1997 ஜனவரி 1-ம் தேதி நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதிலிருந்து, அக்கா குடும்பம் தாய் மாவட்டம். நாங்கள் பாகம் பிரித்துக்கொண்டு வந்த பங்காளி. அந்தக் கௌரவத்துடனேயே பையனும் வந்து இறங்குவான்.

இந்த முறை கூடவே ஒரு மவுண்டன் பைக்கும் வந்தது. சேலத்துக்கு முட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய தெருக்காரரின் சின்ன யானையில், காலி முட்டை அட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு வந்தது. இருபத்தொரு கியர். டிராக்டர் டயரின் தம்பி மாதிரி இரண்டு டயர். சீட்டில் உட்கார்ந்தால் மாப்பிள்ளையின் கால் கட்டை விரல் மட்டும் தரையைத் தொட்டது.

"ஏன்டா இவ்வளவு பெரிய சைக்கிள்?"

"வளர்ற பையன், பெரிய சைஸா வாங்கிடலாம்னு அப்பா சொன்னாருங்க மாமா."

புரிந்தது. நம் வீடுகளில் ஸ்கூல் யூனிஃபார்ம், செருப்பு, சைக்கிள் மூன்றையும் இன்றைய பையனுக்கு வாங்குவதில்லை. மூன்று வருஷம் கழித்து வரப்போகிற பையனுக்கு வாங்குகிறோம். இன்றைய பையன் அதுவரை அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டும்.

"மாமா, பிரேக் பிடிக்க மாட்டேங்குது" என்றான் முதல் நாளே.

நான் விஷயம் தெரிந்தவன் போலக் குனிந்து பார்த்தேன். பிரேக் ஒயர் லிவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு குட்டி உருளைத் திருகு இருக்கும். வெளிப்பக்கமாகத் திருகினால் ஒயர் இறுகும். நாலு சுற்று சுற்றினேன். இப்போது லிவரைத் தொட்டதுமே கட்டை ரிம்மைக் கவ்வியது.

"இப்ப பாரு! லேசா இழுத்தா போதும்" என்றேன். அவன் இழுத்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. மாமா ரிப்பேர் செய்ததைக் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதை. அந்த மரியாதைதான் பிறகு முழங்காலைத் தேய்த்தது.

* * *

காணும் பொங்கலன்று விடியற்காலை. அதே சின்ன யானை, அதில் அவன் சைக்கிள், பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய சைக்கிள் ஒன்று எனக்கு. "மேலே ஏத்தி விட்டுடுங்க, நாங்க ஓட்டிட்டு இறங்கிக்கறோம்" என்று வண்டிக்காரரிடம் ஒப்பந்தம். ஏற்றத்துக்கு யானை, இறக்கத்துக்கு நாங்கள்!

கிளம்பும்போது கூரையில்லாத கோயிலில், பதினெட்டு அடி உயரத்தில், பனியில் நனைந்தபடி நிற்கும் ஆஞ்சநேயரை ரோட்டிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். மலையையே தூக்கியவர், மலையிலிருந்து இறங்குகிறவனையும் கொஞ்சம் கவனிப்பார்.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி என்று ரோடு போகிறது. எங்கள் ஊரில் கல்லெறிந்தால் லாரி மேல் விழும். லாரி தப்பினால் கோழிப் பண்ணை மேல் விழும் என்பார்கள். ஊர் தாண்டினால் இரண்டும் குறைந்து, மரவள்ளிக் கிழங்குக் காடு, கரும்பு, தென்னை. கிழக்கே பனிக்குப் பின்னால் கறுப்பாக ஒரு சுவர். அதுதான் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்தானாம். அம்புக்கும் பிரேக் கிடையாது பாருங்கள்!

காரவள்ளியில் அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காடு போனால் இருபதுதான், இங்கே எழுபது. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். முப்பது வரை மாப்பிள்ளை சத்தமாக எண்ணினான். நாற்பதில் குரல் குறைந்தது. ஐம்பதில் வாந்தி எடுத்தான். அறுபதில் நான்.

மேலே சோளக்காட்டில் இறங்கி ஆளுக்கொரு டீ. குளிர், பலாப்பழ வாசனை, மிளகுக்கொடி சுற்றிய மரங்கள். கீழே எட்டிப் பார்த்தால் நாமக்கல் சமவெளி முழுக்கப் பனிக்கடலாகக் கிடந்தது. சைக்கிளில் ஏறினோம்.

முதல் வளைவு தப்பித்தது. இரண்டாவதும் தப்பித்தது. மூன்றாவதுக்கு முன் நான் பின்னாலிருந்து, "பிரேக் பிடிடா... பிடிடா..." என்று கத்துகிறேன். அவன் முன்னால் குறையாமல் போகிறான். ஒரு பக்கம் மலைச் சுவர், இன்னொரு பக்கம் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கொக்கி போட்டுப் பிடிக்க ஒன்றும் இல்லை. பையன் நல்ல வேளையாக மலைப் பக்கமாகத் திருப்பி, மண் மேட்டில் மோதி, சரிந்து விழுந்தான்.

ஓடினேன். முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் மண். வேறு எதுவும் இல்லை. அது உறுதியானதும் என்ன செய்திருக்க வேண்டும்? அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் திட்டினேன்.

"எத்தனை தடவை கத்தினேன், பிரேக்கை அழுத்திப் பிடின்னு? கையில பலம் இல்லையா? சாப்பாடு சாப்பிடற இல்ல?"

அவன் அழவில்லை. கையை மட்டும் பின்னால் மறைத்துக்கொண்டான். பலமில்லாத கை என்று சொல்லிவிட்டேனே, அதனால்.

* * *

அப்போது பின்னால் வாழைத்தார் ஏற்றிய பிக்அப் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயசிருக்கும். காதில் மஃப்ளர். முன்பு நேஷனல் பெர்மிட் லாரியில் காஷ்மீர் வரை போனவராம். இப்போது மலைக்கும் அடிவாரத்துக்கும் மட்டும்.

"ஏனுங்க தம்பி, அடிபட்ட பையனைப் போட்டுத் திட்டறீங்க?"

"பிரேக் பிடிக்க மாட்டேங்கிறாங்கண்ணா. நேத்துத்தான் ஒயரை இறுக்கி டைட்டா வெச்சுக் கொடுத்தேன்."

அவர் சைக்கிளைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தார். "சாமி, இங்க வா. பிடியில கையை வை. இப்ப விரலை நீட்டு."

நீட்டினான். நடுவிரல் நுனி லிவரைத் தொட்டது. தொட்டது, அவ்வளவுதான். வளைத்துப் பிடிக்க விரல் மிச்சமில்லை.

"பாத்தீங்ளா? கையே எட்டலை. இதுல நீங்க ஒயரை இறுக்கிட்டீங்க. முந்தியாச்சும் லிவர் பாதி தூரம் உள்ள வந்து, விரல் மடங்குற இடத்துல பிடிச்சிருக்கும். இப்ப அந்தக் கோடியிலயே பிடிக்குது. விரல் நீண்டு இருக்கறப்ப பலம் எங்கிருந்துங்க வரும்?"

எனக்குக் குளிரிலும் வேர்த்தது. பையனின் பிரேக்கை ரிப்பேர் செய்தது நான். கெடுத்ததும் நான்.

"சரிங்கண்ணா, இப்ப என்ன பண்றது?"

"எனக்கு ஸ்டியரிங் எட்டலைன்னா சீட்டை முன்னால இழுப்பனா, கையை இழுத்து நீட்டுவனா?" என்றபடி டூல்ஸ் பையை எடுத்தார்.

லிவரின் ஆணி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கைப்பிடியைப் பார்த்த மாதிரி ஒரு பொடித் திருகு. நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. அழுக்கு அடைத்திருந்தது. அதைச் சிறிய திருப்புளியால் உள்ளே முடுக்க முடுக்க, லிவர் ஒவ்வொரு நூலாகக் கைப்பிடியை நோக்கி நெருங்கி வந்தது. மந்திரம் போட்டது மாதிரி இருந்தது. மந்திரம் இல்லை, திருகின் நுனி லிவரைத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

"இது கைக்கு லிவரைக் கொண்டாரது. நீங்க திருகினது ஒயரோட தளர்வை எடுக்கறது. ரெண்டும் வேற வேற. முதல்ல இதைச் சரி பண்ணோணும், அப்புறம் அது. ஏன்னா லிவர் உள்ள வந்தா ஒயரையும் கொஞ்சம் இழுத்துக்கும். இப்ப பாருங்க, கட்டை ரிம்முல ஒரசுது." என் நாலு சுற்றில் இரண்டரையைத் திரும்ப விட்டார். "லாரியிலயும் ஸ்லாக் அட்ஜஸ்டர்னு ஒண்ணு இருக்குதுங்க. தளர்வா விட்டா பிடிக்காது, ரொம்ப இறுக்கினா டிரம் ஒரசிச் சூடாயிரும். அளவுன்னு ஒண்ணு வேணும்."

கடைசியாக ஒரு பரீட்சை வைத்தார். பையனை முழு பலத்துடன் அழுத்தச் சொன்னார். லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. "இது இருக்கோணும். லிவர் பிடியில போய் இடிச்சா பிரேக் இல்லைன்னு அர்த்தம்."

பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், ஒற்றை விரலால் பிரேக் போட்டான். சைக்கிள் ஆணியடித்த மாதிரி நின்றது. அவன் தன் விரலையே பார்த்தான். பலமெல்லாம் அதில்தான் இருந்திருக்கிறது!

* * *

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே விஞ்ஞானம் டபுள் என்ட்ரி. பிரேக் லிவரும் அதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. ஒரு பக்கம் வரவு என்றால் மறு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும்.

லிவர் ஆணியிலிருந்து ஒயர் மாட்டுகிற கொக்கி 25 மில்லிமீட்டர், விரல் பிடிக்கிற இடம் 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலின் பலம் மூன்று மடங்காகி ஒயருக்குப் போகும். வரவு! ஆனால் விரல் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒயர் ஒன்றுதான் நகரும். பற்று! அதே லிவரை நடுவில், 50-ல் பிடித்தால் பலம் இரண்டு மடங்குதான். அதனால்தான் லிவரின் நுனியில் பிடிக்க வேண்டும். விரல் நுனிக்கு வராவிட்டால் கவ்வியைத் தளர்த்தி, மொத்த லிவரையும் ஹேண்டிலின் நடுப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி முடுக்கலாம். முடுக்கும்போதே, முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக இருக்கும்படி லிவரைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம். மணிக்கட்டு வலிக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜப்பானின் ஷிமானோ கம்பெனி 1996-ல் 'வி பிரேக்' கொண்டு வந்தது. ரிம்முக்கு இரண்டு பக்கமும் நெட்டையாக நிற்கும் இரண்டு கைகள். அதற்குப் பழைய பிரேக்கைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு ஒயரை இழுக்க வேண்டும். அதனால் அதன் லிவரில் கொக்கி ஆணியிலிருந்து தள்ளி இருக்கும். லிவர் உடைந்ததென்று கடையில் கிடைத்த பழைய மாதிரியை மாட்டினால், அது கைப்பிடியில் போய் இடிக்கும். கட்டை சரியாகப் பிடிக்காது. பார்ப்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். கேட்டு வாங்கவும்.

டிஸ்க் பிரேக்கில் சிலவற்றில் ஒயருக்குப் பதில் எண்ணெய். லிவர் ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. கணக்கு மாறவில்லை. கைக்கு எட்ட வைக்கும் திருகும் பெரும்பாலான லிவர்களில் இருக்கிறது. யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

* * *

பிக்அப் அண்ணன் கிளம்பும் முன் இறக்கத்துக்கான பாடத்தையும் நடத்தினார்.

"லாரியில ஏறுன கியர்லயே இறங்கோணும்பாங்க. என்ஜின் பிடிச்சுக்கும். சைக்கிள்ல கீழ்முகமா என்ஜினும் இல்லை, ஒண்ணும் இல்லை. எல்லாம் பிரேக்குத்தான். அதனால வளைவுக்கு முந்தியே வேகத்தைக் குறைங்க. வளைவுக்குள்ள போயி பிடிக்காதீங்க. ரெண்டு பிரேக்கும் சேர்த்துப் பிடிங்க. முன் பிரேக்கைப் படக்குனு பிடிச்சா தலைகீழா போவீங்க. பின்னாடி மட்டும் பிடிச்சா சக்கரம் வழுக்கும், வண்டி நிக்காது. பத்து வளைவுக்கு ஒருக்கா நின்னு ஆற விடுங்க."

நம்மூர் சைக்கிளில் பொதுவாக வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். மாப்பிள்ளை அதைக்கூட அன்றுதான் தெரிந்துகொண்டான். ஹி... ஹி... நானும்தான்.

ஏன் ஆற விட வேண்டும்? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நானும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால், அந்தச் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். காற்று கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். மீதியெல்லாம் பிரேக்கில் சூடாக மாறும். மொத்தச் சூட்டையும் சேர்த்தால் இரண்டே முக்கால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு ஆபீஸ் செக்ஷனுக்கே டீ போடலாம்! அவ்வளவையும் ஒரே மூச்சில் ரிம்மில் இறக்கினால் டியூப் வெடிக்கவும் கூடும்.

அறுபதில் நின்றோம். ஐம்பதில் நின்றோம். ரிம்மைத் தொடாமல் பக்கத்தில் கை வைத்தாலே அனல் தெரிந்தது. பனி விலகி, கீழே ஒவ்வொன்றாகக் காட்டியது: ஏரி, தென்னந்தோப்பு, தீப்பெட்டி வரிசை மாதிரி கோழிப் பண்ணைக் கூரைகள். ஏறும்போது வாந்தியில் பார்க்காததையெல்லாம் இறங்கும்போது நின்று நின்று பார்த்தோம். நன்றாக நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான் ஊர் தெரியும் போலிருக்கிறது.

முப்பதாவது வளைவில் மாப்பிள்ளை எனக்கு முன்னால் போய், அழகாக நிறுத்தி, திரும்பிப் பார்த்தான். "மாமா, மெதுவா வாங்க. வளைவுக்கு முந்தியே பிடிங்க!"

காரவள்ளியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டான்: "மாமா, என் கையில பலம் இல்லைன்னு அம்மாகிட்ட சொல்லுவீங்களா?"

டீ தொண்டையில் நின்றது. "இல்லடா. உன் கையில ஒரு குறையும் இல்லை. லிவரைத் தள்ளி வெச்சது நான்தான். தப்பு என்னோடது. அம்மாகிட்ட அதைத்தான் சொல்லப் போறேன்" என்றேன்.

"அப்ப சரிங்க" என்று பன்னை டீயில் நனைத்தான்.

* * *

அன்று ராத்திரி வீட்டில் இந்தக் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். கையை வண்டிக்கு அட்ஜஸ்ட் செய்யக் கூடாது, வண்டியைத்தான் கைக்கு அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்று தத்துவமாக முடித்தேன். அக்காவே அசந்து போனாள்.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பாமலேயே சொன்னாள்:

"என் ஸ்கூட்டர் பிரேக் எட்ட மாட்டேங்குது, கை வலிக்குதுன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். அழுத்திப் பிடி, பழகிடும்னு சொன்னது யாராம்?"

மறுநாள் காலை எட்டு மணிக்கு மெக்கானிக் கடை வாசலில் ஸ்கூட்டருடன் நான்தான் முதல் ஆள்.

"என்ன சார் பிரச்னை?" என்றார்.

"பிரேக்கை என் கைக்கு எட்ற மாதிரி வெக்காதீங்க" என்றேன். "அவங்க வர்றாங்க. அவங்க கையைப் பார்த்துட்டு வைங்க."